போப்பையரின் முன்னுரை

திருக்குறளைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் டாக்டர் ஜி. யு. போப் அவர்களைக் குறித்து இரண்டு குரல்கள் எழுவதைக் கிறித்தவ வாசகர் அறிவர். முதற்குரல் புகழ்ச்சி. கடல் கடந்து வந்து தமிழ் கற்று, குறளை ஆங்கில உலகுக்குக் கொண்டு சேர்த்தவர் என்பது அது. இரண்டாவது குரல் சற்றுத் தாழ்ந்து வரும். எவ்வளவு புலமை இருந்தென்ன, அவர் சமயம் பரப்ப வந்தவர்தாமே, வள்ளுவரையும் தம் மறைக்குள் இழுக்கப் பார்த்தவர்தாமே என்பது அது. முன்னதைக் கேட்டு மகிழ்கிறோம். பின்னதைக் கேட்டதும் குற்றம் சாட்டுகிறவரின் நெற்றியைப் பார்த்து, "அவருக்கு அவர் சமயப் பற்று" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அந்தக் குற்றச்சாட்டு நேர்மையானதா, நேர்மையானதென்றால் எந்த அளவுக்கு என்று நூலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தவர் நம்முள் மிகச் சிலரே.

போப் 1820-இல் கனடாவைச் சேர்ந்த பிரின்சு எட்வர்டு தீவில் பிறந்தவர். இளமையிலேயே தமிழகம் வந்து, தூத்துக்குடியை அடுத்த சாயர்புரத்திலும் தஞ்சையிலும் உதகையிலும் பணியாற்றினார். பின்னர் ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். அங்கிருந்தபோது 1886-இல் அவர் வெளியிட்ட குறள் மொழிபெயர்ப்பு வெறும் மொழிபெயர்ப்பு அன்று. முன்னுரை, இலக்கணக் குறிப்பு, உரைக்குறிப்பு, அகராதி, சொல்லடைவு எல்லாம் அடங்கிய பெருநூல் அது. நம் வீரமாமுனிவரின் இலத்தீன் மொழிபெயர்ப்பையும் எல்லிசு துரையின் ஆங்கிலப் பகுதிகளையும் குறிப்புகளில் மறுபதிப்பாகச் சேர்த்திருந்தார். ஆங்கிலிக்கத் திருச்சபையைச் சேர்ந்த ஒருவர் கத்தோலிக்கக் குரு ஒருவரின் உழைப்பை இத்தனை மதிப்போடு அச்சேற்றினார் என்பதை, அவரை ஒருதலைச் சார்புடையவர் என்போர் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

ஆயினும் வழக்கின் வேர் அந்த நூலின் முன்னுரையில்தான் இருக்கிறது. போப் அங்கே ஒரு காட்சியை வரைகிறார். மயிலைக் கடற்கரையில் வள்ளுவர் கிறித்தவப் போதகர்களோடு உலவுகிறார். அலெக்சாந்திரியா நகரத்துச் சிந்தனையின் சாயல் படிந்த கிறித்தவக் கருத்துகளை அவர்களிடமிருந்து பெற்று, அவற்றைத் தம் குறளில் நாள்தோறும் இழைக்கிறார். இந்தக் காட்சிக்குப் போப் காட்டும் ஆதாரங்கள் சில. வள்ளுவர் மயிலையில் வாழ்ந்தார் என்பது மரபு. அதே மயிலையில் தோமையாரின் மரபும் உண்டு. அலெக்சாந்திரியாவிலிருந்து பந்தேனுசு என்னும் அறிஞர் இந்தியா வந்ததாகப் பழைய திருச்சபை வரலாறு கூறுகிறது. குறளின் அறமோ ஆண்டவரின் மலைப்பொழிவை நினைவூட்டுகிறது. குறளின் காலம் கி.பி. 800-க்கும் 1200-க்கும் இடைப்பட்டது என்பது போப்பின் கணிப்பு. ஆதலால் இந்தச் சந்திப்புக்குக் காலமும் இடம் கொடுத்தது.

இதை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை. சிவஞான போதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். 1897-இல் தொடங்கிய 'சித்தாந்த தீபிகை' இதழின் வழியாகச் சைவ சித்தாந்தத்தை உலகறியச் செய்தவர். போப்பின் கருத்தை இலக்கிய வரலாற்றில் நேர்ந்த அபத்தமான காலமுரண் என்று அவர் ஒதுக்கினார். அவருக்குப் பின் வந்தவர்கள் இன்னும் கடுமையாகப் பேசினர். போப்பின் புலமை முழுவதுமே மறைபரப்பின் கருவி என்று சொன்னவர்களும் உண்டு.

இங்கே வழக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 'சார்பு' என்ற ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு குற்றச்சாட்டுகள் முடங்கிக் கிடக்கின்றன. ஓர் ஆசிரியருக்குச் சமயப் பற்று இருந்தது என்பது ஒன்று. அந்தப் பற்று, சான்று நிற்க வேண்டிய இடத்தில் தானே போய் நின்றுகொண்டது என்பது வேறொன்று. முன்னது குற்றமே அன்று. பற்றில்லாதவர் எவரும் ஆயிரத்து முந்நூற்று முப்பது குறளை ஓர் அயல்மொழியில் செய்யுளாகப் பெயர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். பின்னதுதான் குற்றம். அதைச் சாட்டுகிறவர் எந்த வரியில், எந்தப் படியில் அது நடந்தது என்று விரல் வைத்துக் காட்டக் கடமைப்பட்டவர். பரிமேலழகரைப் பற்றி இந்த நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டிலும் தமிழறிஞர் பலர் செய்த விமரிசனம் இவ்வகையில் நேர்மையானது. அவர் வைணவர் என்பதை மட்டும் சொல்லி அவர்கள் நிற்கவில்லை. அறம் என்பதற்கு மனு முதலிய நூல்கள் விதித்ததைச் செய்வதும் விலக்கியதை ஒழிப்பதுமே பொருள் என்று தம் உரைப்பாயிரத்தில் அவர் எழுதிய இடத்தைச் சுட்டினார்கள். குறளில் இல்லாத ஒன்றை உரையாசிரியர் கொண்டுவந்து வைத்த இடம் அது. அதைக் காட்டிய பின்னும் பரிமேலழகரின் நுண்மாண் நுழைபுலத்தைக் கொண்டாட அவர்களால் முடிந்தது.

அந்த அளவுகோலைப் போப்பிடம் கொண்டு வருவோம்.

முன்னுரையில் விரல் வைக்க இடம் இருக்கிறது. 'இருந்திருக்கலாம்' என்பது எங்கே 'இருந்தது' ஆகிறது என்று பார்த்தால் போதும். குறளுக்குள் மயிலை இல்லை. எந்த ஊர்ப் பெயருமே இல்லை. வள்ளுவரை மயிலைக்கு உரியவராக்குவது பிற்கால மரபு. மயிலையில் அக்காலத்தில் கிறித்தவர் இருந்தனரா என்பதற்கும் உறுதியான சான்று போப்பின் கையில் இல்லை. பரங்கிமலையில் 1547-இல் போர்ச்சுகீசியர் கண்டெடுத்த, பகலவி எழுத்துகள் பொறித்த கற்சிலுவையை ஏழு அல்லது எட்டாம் நூற்றாண்டினதாக அறிஞர் கருதுகின்றனர். குறளின் காலத்தையோ வையாபுரிப் பிள்ளை கி.பி. 600-ஐ ஒட்டியும் கமில் சுவெலபில் 450-க்கும் 550-க்கும் இடையிலும் வைத்தனர். அதற்கும் முன்னே கொண்டு செல்வோர் பலர். கால அடிப்படை சரிந்ததும் கடற்கரைக் காட்சியும் சரிகிறது. இந்த அளவில் நல்லசாமிப் பிள்ளையின் சொல் கடுமையானதே தவிர, நேர்மையற்றது அன்று.

காலத்தை விட்டுவிட்டுப் பொருளைப் பார்ப்போம். போப்பைக் கவர்ந்தது ஒப்புமை. தீங்கு செய்தவனுக்கும் நன்மை செய்க என்று ஆண்டவரும் சொன்னார், வள்ளுவரும் சொன்னார். ஆனால் இருவரும் எதற்காகச் சொன்னார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இன்னா செய்யாமை அதிகாரத்தில் வள்ளுவர் கூறும் நோக்கம், தீயவன் தன் செயலுக்குத் தானே வெட்கித் தலைகுனிய வேண்டும் என்பது. அதன்பின் அவன் செய்ததையும் மறந்துவிட வேண்டும், நாம் செய்ததையும் மறந்துவிட வேண்டும். மலைப்பொழிவில் ஆண்டவர் காட்டும் நோக்கம் வேறு. நல்லோர் மீதும் தீயோர் மீதும் கதிரவனை உதிக்கச் செய்கிற தந்தையின் மக்களாக இருக்கும்படி பகைவரை நேசிக்கச் சொல்கிறார். ஒன்று சான்றாண்மையின் மொழி, மற்றது மகன்மையின் மொழி. இரண்டையும் ஒன்றென்று சொல்பவன் இரண்டையுமே இழக்கிறான்.

வள்ளுவருக்கு இன்னும் நெருக்கமான விவிலிய இடம் மலைப்பொழிவில் இல்லை. பகைவன் பசித்திருந்தால் அவனுக்கு உணவளி, அதனால் அவன் தலைமீது எரிதழலைக் குவிப்பாய் என்ற கருத்து உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 12-ஆம் அதிகாரத்தில் வருகிறது. எரிதழல் என்பது வெட்கத்தையே குறிக்கிறது என்று விளக்குவோர் உண்டு. அப்படியானால் இது அப்படியே வள்ளுவரின் நாணம் அன்றோ! ஆனால் பவுலடியார் இதைச் சொந்தமாகச் சொல்லவில்லை. நீதிமொழிகள் நூலின் 25-ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்தார். அதாவது கிறித்துவுக்கு முன்னரே யூத ஞானியர் சொன்னது. சினத்தைச் சினமின்மையால் வெல்க என்று பௌத்தரின் தம்மபதமும் கூறுகிறது. ஒத்த கருத்து இருப்பதனாலேயே ஒருவரிடமிருந்து மற்றவர் கடன் வாங்கினார் என்று முடிவு கட்டினால், யார் யாரிடம் வாங்கினார் என்று எழுதி முடிக்கக் கணக்குப்புத்தகமே போதாது.

ஒப்புமை ஒருபுறம் இருக்க, ஒவ்வாமையைப் போப் நிறுத்துப் பார்க்கவில்லை என்பதே அவர்மீது சொல்லக்கூடிய வலுவான குறை. புலால் மறுத்தல், கொல்லாமை ஆகிய இரண்டு அதிகாரங்களும் மலைப்பொழிவிலிருந்து வர வழியில்லை. ஊழும், தொடர்ந்து வரும் பிறவியும் கிறித்தவப் போதகர் சொல்லிக்கொடுத்திருக்க முடியாதவை. கடவுள் வாழ்த்தின் பத்துக் குறளுள் ஏழு இறைவனின் திருவடியைப் பேசுகின்றன. அது இந்த மண்ணின் வணக்கமுறை. இப்படிச் சொல்வதனால் குறள் தாழ்ந்துவிடவும் இல்லை, நற்செய்தி தாழ்ந்துவிடவும் இல்லை.

அன்புடைமை அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளுவர் அதை வைத்திருக்கும் இடமே பேசும். இல்லறவியலில், மக்கட்பேற்றுக்கு அடுத்து, விருந்தோம்பலுக்கு முன். வீட்டுக்குள் மனைவி மக்களிடத்தில் பிறந்து, வாசலைத் தாண்டி விருந்தினனிடம் செல்கிற உணர்வு அது. துறவறவியலுக்கு வந்த பிறகே உயிர்கள் அனைத்தின் மீதும் பரவும் அருளுடைமையைத் தனியே வைக்கிறார். பொருட்பாலில் ஓரிடத்தில் அந்த அருளை அன்பு பெற்றெடுத்த குழந்தை என்கிறார். அதை வளர்க்கும் செவிலித்தாய் செல்வம் என்கிறாரே, அந்த உலகியல் அறிவை வேறெங்கும் காண்பது அரிது. இனி, கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அங்கே அன்பு வீட்டில் தொடங்குவதில்லை. வானதூதரின் மொழிகளையும் இறைவாக்கையும் மலையைப் பெயர்க்கும் நம்பிக்கையையும் விஞ்சிய கொடையாக மேலிருந்து வருகிறது. நம் திருமணத் திருப்பலிகளில் அந்த வாசகமும் மறையுரையில் குறளும் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. கேட்கிறவர் செவியில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. தனித்தனியே கேட்டால் இரண்டுமே இன்னும் நன்றாகக் கேட்கும்.

இந்த வேறுபாட்டை முதலில் எடுத்துச் சொன்னவர் சைவரா, சமணரா என்று கேட்டால், இரண்டும் இல்லை. அவர் ஜான் லாசரசு என்னும் கிறித்தவப் போதகர். டேனிசு மிசனைச் சேர்ந்த தமிழர். 1894-இல் தமிழ்ப் பழமொழிகளுக்கு ஓர் அகராதி செய்தவர். துரூ என்னும் ஆங்கிலேயர் குறளின் முதல் 63 அதிகாரங்களை ஆங்கிலத்தில் வெளியிட்டு நிறுத்தியிருந்தார். எஞ்சிய எழுபதையும் பெயர்த்து 1885-இல் நூலை நிறைவு செய்தவர் லாசரசு. போப் சொல்லிவந்த கருத்தை அவர் ஏற்கவில்லை. கடவுள் வாழ்த்தில் இறைவனுக்கு வள்ளுவர் தரும் பெயர்களுள் எதுவும் கிறித்துவோடோ விவிலியத்தின் இறைவனோடோ தொடர்புடையது அன்று என்றார். விவிலியம் கொலை விலக்குவது மனித உயிரை எண்ணி, குறள் விலக்குவது எல்லா உயிரையும் எண்ணி என்றார். அன்புடைமை அதிகாரம் திருத்தூதரின் அன்புப் பாடலினின்று முற்றிலும் வேறானது என்றார். லாசரசுக்கு அங்கி இருந்தது, மறைபரப்பும் தொழிலாக இருந்தது. அந்த அங்கி அவர் கண்ணை மறைக்கவில்லை. ஆகவே, "பாதிரியார், ஆதலால் இப்படித்தான் எழுதுவார்" என்னும் வாதம், போப்பின் காலத்திலேயே இன்னொரு பாதிரியாரால் பொய்யாக்கப்பட்டது.

இனி, குற்றச்சாட்டின் அடுத்த பகுதி. முன்னுரையில் புகுந்த சமயப்பற்று மொழிபெயர்ப்பையும் திரித்துவிட்டது என்கிறார்கள். நூலைப் புரட்டினால் இது நிற்கவில்லை. திரிக்க நினைத்த ஒருவர் முதலில் கைவைக்க வேண்டிய இடம் பிறவி பற்றிய குறள்கள். கடவுள் வாழ்த்தின் கடைசிக் குறளில் பிறவிகள் என்னும் கடல் என்று பன்மையிலேயே பெயர்த்திருக்கிறார். திருவடியைத் திருவடியாகவே வைத்திருக்கிறார். ஊனுண்ணாமையை நோன்புக்கால ஒறுத்தலாகக் குறுக்கவில்லை. மொழிபெயர்ப்பில் குறையே இல்லை என்பதல்ல. எதுகைக்காகவும் அடிநிரப்புக்காகவும் சொற்களைப் பெருக்குகிறார். ஏழு சீரில் வள்ளுவர் முடித்ததற்கு அவருக்கு நீண்ட அடிகள் வேண்டியிருக்கின்றன. பழைய ஆங்கில விவிலியத்தின், ஞானப்பாட்டுகளின் நடை எங்கும் வீசுகிறது. அது கொள்கையின் சார்பு அன்று. அவர் பிறந்து வளர்ந்த மொழியின் வாடை. அதைக் குறை சொல்லலாம், மதமாற்றம் என்று சொல்ல முடியாது.

இன்பத்துப்பால்தான் இவ்வழக்கில் மிகச் சுவையான சாட்சி. வீரமாமுனிவர் அறத்தையும் பொருளையும் இலத்தீனில் பெயர்த்தார், இன்பத்தை விட்டுவிட்டார். துரூ, அந்தப் பகுதியை ஐரோப்பிய மொழியில் பெயர்த்தால் பெயர்த்தவனுக்கே இழுக்கு என்று அஞ்சினார். போப்பும் தொடக்கத்தில் அப்படியே விலகி நின்றார். பல ஆண்டுகள் தம்மை மூன்றாம் பாலைப் படிக்கவிடாமல் தடுத்தது ஒரு முற்சாய்வு என்று அவரே எழுதியிருக்கிறார். பிறகு, இத்தகைய அறத்தைப் பாடிய ஒருவர் இழிந்த நோக்கத்தோடு எதையும் எழுதியிருக்க மாட்டார் என்று எண்ணித் துணிந்து படித்தார். படித்தபின் அது தூய்மையானதென்று உணர்ந்து, இருபத்தைந்து அதிகாரங்களையும் பெயர்த்தார். தம் சார்பைத் தாமே கண்டு, பெயரிட்டு, அச்சில் ஒப்புக்கொண்டு, அதைக் கடந்தவரை 'சார்பாளர்' என்ற ஒரு சொல்லால் முடித்துவிடுவது விமரிசனம் ஆகாது. (வீரமாமுனிவரைப் பற்றியும் ஒரு சொல். விட்டுவிடுவது வேறு, திரிப்பது வேறு. துறவி ஒருவர் காதற்பாட்டைத் தொடாமல் விட்டதில் தமிழுக்கு இழப்பு உண்டு, வஞ்சகம் இல்லை.)

ஆக, குற்றச்சாட்டு முன்னுரையைப் பொறுத்தவரை செல்லும். மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை செல்லாது. மனிதரைப் பொறுத்தவரை அநீதியானது. வழக்கை இத்தோடு முடித்துவிடலாம் என்றே தோன்றும். ஆனால் போப்பின் முன்னுரை போப்போடு முடியவில்லை. அதற்கு நம்மிடையே ஒரு பின்வாழ்வு உண்டு. பேச விருப்பமில்லாத பகுதி அதுதான்.

1969-இல் 'திருவள்ளுவர் கிறித்தவரா?' என்ற நூல் முனைவர் மு. தெய்வநாயகத்தால் வெளியிடப்பட்டது. பின்னர் விவிலியம், திருக்குறள், சைவ சித்தாந்தம் மூன்றையும் ஒப்பிட்டு அவர் செய்த ஆய்வு விரிவான நூலாக வந்தது. போப் ஐயத்தோடு வரைந்த காட்சி இங்கே கோட்பாடாக உறுதிப்பட்டது. வள்ளுவரோடு நில்லாமல் சைவ சித்தாந்தமே கிறித்தவத்திலிருந்து கிளைத்தது என்ற அளவுக்கு அது விரிந்தது. அருணைவடிவேலு முதலியார் எழுதிய மறுப்புநூல் 1991-இல் தருமபுரம் ஆதீனத்தின் சார்பில் வெளிவந்தது. நம்மவர் பலர் அதற்குச் சொன்ன விடை என்ன? மடத்தின் வெளியீடுதானே, சைவர் எழுதியதுதானே என்பது. போப்பைப் "பாதிரியார்தானே" என்று ஒதுக்கியவர் செய்த பிழையை நாமும் அப்படியே செய்தோம். முதலியார் சாத்திரங்களிலிருந்து எடுத்துக்காட்டுகள் தந்திருந்தார். அவற்றுக்கு விடை வேண்டும், அவர் அணிந்த நீற்றுக்கு அன்று.

இதே ஆண்டுகளில் நடந்த இன்னொன்றும் உண்டு. சென்னை-மயிலைப் பேராயராக இருந்த அருளப்பா ஆண்டகை தமிழ்ப் புலமையில் பெயர் பெற்றவர். விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர். தோமையாரும் வள்ளுவரும் சந்தித்ததற்குச் சான்று தருவதாக ஒருவர் அவரிடம் வந்தார். ஏடுகளும் சுவடிகளும் 'கிடைத்தன'. பல இலட்சம் ரூபாய் கைமாறியது. அவை போலி என்று தெரிந்து வழக்காயிற்று. 1986-இல் நீதிமன்றம் அந்த மனிதரைக் குற்றவாளி என்று தீர்த்தது. பேராயரின் நற்கருத்தை ஐயுற இடமில்லை. ஆனால் கற்றறிந்த ஒருவரை ஏமாற்ற முடிந்தது எப்படி? கேட்கும் முன்பே விடையை விரும்பியிருந்தார் என்பதைத் தவிர வேறு விளக்கம் தெரியவில்லை. அறிஞரிடம் சார்பு என்பது பொய் சொல்லும் வேட்கையாக வருவது அரிது. நமக்கு வேண்டியதைக் கொண்டுவருபவனை வாசலில் நிறுத்தி ஆராயாமல் உள்ளே அழைக்கும் மனமாகவே அது வருகிறது.

அந்த விருப்பம் எங்கிருந்து பிறந்தது என்பதையும் பரிவோடு பார்க்க வேண்டும். கிறித்தவன் அன்னியன், அவன் சமயம் கப்பலேறி வந்தது என்ற பேச்சைத் தலைமுறைகளாகக் கேட்டு வந்தவர்கள் நாம். 1982-இல் மண்டைக்காட்டுக் கலவரத்தைக் கண்ட நம் மாவட்டத்தாருக்கு அது ஏட்டுப் பேச்சு அன்று. தமிழின் தலைமகன் நம்மவர் என்று நிறுவிவிட்டால் அந்த ஏச்சு ஓயும் என்று எண்ணியிருக்கலாம். நடந்தது வேறு. பக்கத்து வீட்டுக்காரர் அதை உறவாகக் கேட்கவில்லை, தம் வீட்டுப் பத்திரத்தில் பெயர் மாற்ற வந்ததாகவே கேட்டார். இன்னொரு வகையிலும் அது தேவையற்ற உழைப்பு. 1965 அக்டோபர் 28-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை, பிற சமயங்களில் உண்மையாகவும் தூயதாகவும் உள்ள எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று அறிவித்துவிட்டது. வள்ளுவரைப் போற்றுவதற்கு அவருக்குத் திருமுழுக்குச் சான்றிதழ் தேவையில்லை என்று திருச்சபையே சொன்ன நான்கு ஆண்டுகளுக்குள் நம் தமிழகத்தில் அந்தச் சான்றிதழைத் தேடத் தொடங்கினார்கள்.

வள்ளுவருக்காக வழக்காடாதவர் யார்? பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1953-இல் குறளைச் சமண நூல் என்று காட்டி ஆங்கிலத்தில் பதிப்பித்தார். 2019 நவம்பரில் அரசியல் கட்சி ஒன்று வள்ளுவருக்குக் காவி உடுத்தி, நீறு பூசிப் படம் வெளியிட, தமிழகமே இரண்டுபட்டது. நாஞ்சில் நாட்டாரும் சும்மா இருக்கவில்லை. வள்ளுவர் குமரி மாவட்ட மலைப்பகுதியில் இருந்த வள்ளுவ நாட்டை ஆண்ட மன்னர் என்று 2005-இல் நம் மாவட்டத்து வரலாற்று ஆய்வு மையம் ஒன்று அறிவித்தது. சமயப்பற்றை மட்டும் சார்பு என்று எழுதிவிட்டு ஊர்ப்பற்றைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நியாயமாகாது. நம் ஊர்க்காரர் என்பதற்காக அவர்கள் காட்டும் சான்றுகளைச் சற்று இளகிய மனத்தோடு படிக்கிறோம் என்பதில் ஐயமென்ன!

போப்பின் மீது நாம் கொண்ட அன்பே ஒரு கதையைப் படைத்திருக்கிறதே. தம் கல்லறையில் 'ஒரு தமிழ் மாணவன்' என்று பொறிக்கச் சொன்னார் என்று எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம். ஆக்சுபோர்டில் அவர் துயிலும் கல்லறைக் கல்லில் அந்தச் சொற்கள் இல்லை. கீழை நாட்டு இலக்கியத்துக்கும் மெய்யியலுக்கும் அவர் ஆற்றிய வாழ்நாள் உழைப்பைப் போற்றி, அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் நாட்டிய கல் என்றே அதில் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் கதையை விட இது பெரிது. அவர் தம்மைப்பற்றிச் சொல்லிக்கொண்டதை அன்று, தமிழர் அவருக்குச் செய்ததைக் கல் சொல்கிறது. 1900-இல், எண்பது வயதில், சைவர்களின் திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்தவருக்குத் தமிழர் செலுத்திய நன்றி அது.

1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் வீரமாமுனிவருக்கும் போப்புக்கும் கால்டுவெல்லுக்கும் சிலை எழுந்தது. 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் நம் குமரிமுனையில் வள்ளுவரே 133 அடி உயரத்தில் எழுந்து நின்றார். உபகார மாதா ஆலயத்துக் கோபுரமும் அவரும் ஒரே கடற்காற்றில் நிற்கிறார்கள். மூன்றாம் பாலுக்கு அஞ்சாமல் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து, வள்ளுவர் வள்ளுவராகவே இருக்கட்டும் என்று எழுதிய தமிழ்க் கிறித்தவர் லாசரசின் பெயர் மட்டும் நம் குறள் விழாக்களில் இன்னும் ஒலிக்கவில்லை. துரூவும் லாசரசும் சேர்ந்து செய்த அந்த ஆங்கிலக் குறள் இன்றும் அச்சில் கிடைக்கிறது. போப்பின் முன்னுரையை ஒரு கையிலும் லாசரசை மறுகையிலும் வைத்துக்கொண்டு, கடவுள் வாழ்த்தையும் அன்புடைமையையும் மட்டுமாவது நம் பங்குகளின் இளையோர் வட்டங்களில் ஒரு மாலைப்பொழுது படித்துப் பார்க்கலாம்.